கொடியின் நடுவில் ஒரு வெள்ளை நாடா

பிப்ரவரி 4, திங்கள்

கொடிக் குழுவிலிருந்து ஆள் வந்தார். மலைப்பக்கமும் கரைப்பக்கமும் ஒரே நாடாகி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் கொடி இல்லை. மாதிரிக்கு மூன்று கொடி தைத்துத் தர வேண்டுமாம், நம் கடைக்கு வந்த யோகம்!

மலைக்குச் சிவப்பு, அங்கே மண் சிவப்பு. கரைக்கு மஞ்சள், மணலாம். கடல் என்றால் நீலம்தானே என்று கேட்டேன். நீலத்தைப் பக்கத்து நாட்டுக்காரன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டானாம். எது மேலே எது கீழே என்று நாலு மாதம் சண்டை போட்டுவிட்டு இரண்டையும் நட்டுக்குத்தாக நிறுத்திவிட்டார்கள். உடனே கம்பத்தை ஒட்டி யார் என்று அடுத்த சண்டை. நாணயம் சுண்டிப் பார்த்ததில் சிவப்பு ஜெயித்தது. என் தம்பி நேற்றே பொருமினான்: "அவங்க கம்பத்தைப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க, காத்துல அடிபடுறது நாங்களா?"

நான் கரைக்காரி, வாக்கப்பட்டது மலைக் குடும்பத்தில். கடையில் நானும் இவருடைய அக்காவும் கூட்டாளிகள். அண்ணி வெட்டுவார், நான் தைப்பேன். பதினொரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 6

சிவப்புத் துணி மலைப்பக்க மில்லிலிருந்துதான் வரவேண்டும் என்பது குழுவின் உத்தரவு. மில் நடத்துவது அண்ணியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். "சாயம் ஒரு சொட்டு போகாது, நான் பொறுப்பு" என்று குழுவிடமே அண்ணி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஈரத்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தேன். ஈரத்துணி ரத்தக் காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மழை போதும், மஞ்சள் பாதி காலி. சொல்லலாமா? சொன்னால் அண்ணியின் முகத்தில் எப்படி முழிப்பது? மூன்று கொடியிலும் நடுவில் விரல் அகலத்துக்குப் பாலியஸ்டர் நாடா வைத்துத் தைத்துவிட்டேன். அது சாயத்தை இழுக்காது. கைவசம் இருந்தது வெள்ளைதான்.

பிப்ரவரி 7

கொடிகள் போயாச்சு. "நடுவுல என்னடி?" என்று அண்ணி கேட்டார். "எடுப்பா இருக்கும்னு வச்சேன் அண்ணி" என்றேன். பொய்தான், ஆனால் சின்னப் பொய்.

பிப்ரவரி 15

பேப்பரில் கொடியின் படம்! குழுவுக்கு வெள்ளைப் பட்டை ரொம்பப் பிடித்துப்போனதாம். குழுவில் இருக்கிற பேராசிரியர் அதற்கு மூன்று பக்கம் பொருள் எழுதியிருக்கிறார். வெண்மை அமைதி, வெண்மை எழுதப்படாத வருங்காலம், வெண்மை முன்னோரின் எலும்பு. எலும்பு வரைக்கும் போய்விட்டார் மனுஷன்! அது பாவாடை நாடாக் கண்டிலிருந்து வெட்டியது ஐயா என்று கத்த வேண்டும் போல இருந்தது. சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 19

சிரிப்பெல்லாம் போச்சு. இன்றைய பேப்பரில் மலைப்பக்கத் தலைவர் ஒருவர், அது பட்டை இல்லை, வேலி என்கிறார். கரைக்காரர்கள் மலைக்காரர்களைத் தொடாமலிருக்கப் போட்ட வேலியாம். பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் கூடி நின்று கத்துகிறார்கள்.

பேப்பரை வெட்டும் மேசைமேல் போட்டுவிட்டு அண்ணி கேட்டார்: "பதினோரு வருஷமா எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, எங்க மேல படாம ஒதுங்கிக்கணும்னுதான் நடுவுல கோடு போட்டியா?"

உங்கள் துணி சாயம் போகும் என்று எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் அவர் வாக்குக் கொடுத்த துணி. சொல்லாவிட்டால் நான் துரோகி, சொன்னால் அவருக்குத் தலைகுனிவு. இவரிடம் புலம்பினேன். "பொம்பளைங்க விஷயம், நான் நடுவுல வரல" என்றார். நடுவில் வந்ததால்தானே அந்த நாடாவுக்கே இந்தக் கதி!

பிப்ரவரி 20

அண்ணி பேசவில்லை.

பிப்ரவரி 23

இன்றும் இல்லை. மேசையின் நடுவே சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டார். அந்தப் பாதி அவருக்கு, இந்தப் பாதி எனக்கு. கத்திரிக்கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் நாள் முழுக்க நூலைப் பல்லால் கடித்தேன். வெள்ளைக் கோடு வேண்டாம் என்று கோபப்பட்டவர் போட்ட கோடும் வெள்ளைதான். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

மார்க்கெட் தெருவில் தனியாகக் கடை பார்க்கிறாராம். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கடை போனால் போகட்டும். அண்ணி இல்லாமல் எனக்கு இந்த ஊரில் யார்?

பிப்ரவரி 26

குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாளை மறுநாள் இருவரும் நேரில் வந்து பட்டைக்கு விளக்கம் தரவேண்டும். அழகுக்காக வைத்தேன், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன்.

பிப்ரவரி 27

அண்ணியின் வீட்டுக்காரர் ரோஜாப்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். ஜென்மத்தில் வெள்ளையைத் தவிர வேறு போடாதவர். ஐம்பத்தாறு வயதில் ஆசையைப் பார்!

பிப்ரவரி 28

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

நீள மேசை. ஒரு பக்கம் மலைக்காரர்கள் ஐந்து பேர், எதிரே கரைக்காரர்கள் ஐந்து பேர், மேசை முனையில் குழுத் தலைவர். பேராசிரியர் தன் மூன்று பக்கத்தை மடியில் வைத்திருந்தார். "யார் சொல்லி இந்தப் பட்டையை வச்சீங்க?" என்று தலைவர் கேட்டார்.

எழுந்தேன். "அது... அழகுக்கு..." என்று தொடங்கினேன்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணி எழுந்து நின்றார். "அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன். சிவப்புத் துணி சாயம் போகுது. நான் வாங்கின துணி, நான் குடுத்த வாக்கு. மஞ்சள்ல இறங்கக்கூடாதுன்னு இவ நாடா வச்சுத் தச்சிருக்கா. முந்தாநாள் மீதித் துணியை எங்க வீட்டுக்காரர் சட்டையோட ஊறப்போட்டேன். வெளியே பெஞ்சில உக்காந்திருக்காரு, வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க."

தலைவர் கூப்பிட்டே விட்டார்! மனுஷர் நெளிந்துகொண்டே வந்து நின்றார், இளஞ்சிவப்பாக. முதலில் சிரித்தது ஒரு கரைக்காரர். அப்புறம் எதிரே ஒரு மலைக்காரர். அப்புறம் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பேராசிரியர் மட்டும் "அப்போ என் மூணு பக்கம்?" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி முறைத்தார். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

"இப்ப சந்தோஷமாவா இருக்கேன்? எருமை." கையைப் பிடித்துக்கொண்டார். கடை வரைக்கும் விடவில்லை. வந்ததும் ஈரத்துணியை எடுத்து மேசைக் கோட்டைத் துடைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 12

முடிவு சொல்லிவிட்டார்கள். மில்லில் இனிமேல் கெட்டிச் சாயம் போட்டுத் தருவார்கள். அப்படியானால் நாடாவே தேவையில்லை. ஆனால் எடுத்தால் எடுத்ததற்கு ஒரு சண்டை வரும் என்பதால் அது இருக்கட்டுமாம். பொருள்: அமைதி. எலும்பு நீக்கப்பட்டது.

ஜூன் 2

கொடி ஏற்றினார்கள். பாதியில் மழை. யாரும் குடை விரிக்காமல் அண்ணாந்து மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்ணி அப்போதுதான் மூச்சே விட்டார்.

செப்டம்பர் 17

மகளின் பரீட்சைத் தாள் வந்தது. கேள்வி: நம் கொடியின் வெண்பட்டை எதைக் காட்டுகிறது? இவள் எழுதியிருப்பது: "அத்தை வாங்கிய துணி சாயம் போகும் என்பதைக் காட்டுகிறது." டீச்சர் பெரிய சுழியம் போட்டு, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஒளித்து வைப்பதற்குள் அண்ணி பிடுங்கிவிட்டார். படித்தார். மறுபடியும் படித்தார். பேனா கேட்டார். பெற்றோர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, அதன் கீழே "விடை சரி" என்று எழுதிக் கொடுத்தார்.