விரல் வெளியே

ஜூன் 10, செவ்வாய்

இன்று தேவிகாபுரம் போக வேண்டிய நாள். போகவில்லை. வயிறு சரியில்லை என்று லீலாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என் வயிற்று வலி எது, பயம் எது என்று தெரியாதா? கஷாயம் போட்டு வைத்துவிட்டு, "பக்கத்துக் கட முருகேசன் அண்ணனுக்கு நானே போன் பண்ணிட்டேன். அவரே போயி புடவைங்கள வாங்கிகினு வராராம்" என்றாள். மானம் போனது. நிம்மதியாகவும் இருந்தது. அதுதான் கேவலம்.

மாசியில் நடந்தது. வைகாசி முடியப்போகிறது. இன்னும் பின்னால் ஒரு பைக் சத்தம் மெதுவானால் எனக்குக் காது அடைத்துவிடுகிறது.

அன்றைக்கு நடந்ததை ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன். தேவிகாபுரத்தில் தறிக்காரர்கள் வீட்டில் புடவை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் திரும்புகிறேன். பொழுது சாய்கிற நேரம். பைக்கில் இரண்டு பேர் பக்கத்தில் வந்தார்கள். பின்னால் இருந்தவன் கத்தியைக் காட்டினான். அவ்வளவுதான். அவன் கேட்கக்கூட இல்லை. நானே வண்டியை நிறுத்தினேன், நானே பையைத் தூக்கி நீட்டினேன், "எடுத்துக்குங்க சார்" என்றேன்.

சார்!

அதை முருகேசனிடம் சொன்னது இரண்டாவது முட்டாள்தனம். டீக்கடை வரை போய்விட்டது. இப்போது யார் என்னை சார் என்று கூப்பிட்டாலும் சுருக்கென்கிறது.

ஜூன் 14, சனி

போளூர் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ். 'தற்காப்புத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிப் பயிற்சி. புதியவர்கள் வரலாம்.' ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனவன் இன்று உள்ளே போய்விட்டேன்.

பழைய ரைஸ் மில். இன்னும் தவிட்டு வாசனை போகவில்லை. நடத்துவது சத்யப்ரியா என்கிற பெண், என் மகள் தீபாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். காலேஜில் படிக்கும்போது மெடல் வாங்கியவளாம். இங்கே இருப்பது கேஸ் அடைத்த ஏர் பிஸ்டல்கள்தான், லைசென்ஸ் வேண்டாம். நிஜத் துப்பாக்கி மாதிரியே கனம்.

"நின்ன எடத்துல நின்னு வட்டத்த சுடுறது இல்லீங்க சார் இது. கடைல நிக்கிறீங்க, ரோட்ல போறீங்கன்னு வெச்சிக்கினு சுடணும். பீப் சத்தம் கேட்டா ட்ரம்முக்குப் பின்னால போங்க, எட்டிப் பாருங்க. அட்ட மனுஷங்க நிப்பாங்க. கைல கத்தி இருந்தா சுடலாம். கைல ஒண்ணும் இல்லன்னா, இல்ல போனு கீனு வெச்சிருந்தா, அவங்க பொதுஜனம். அவங்க மேல பட்டா நேரத்துல நெறைய கூடிடும்."

யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். இவ்வளவுதான் போட்டி.

விதிகள் சொன்னாள். எப்போதும் குண்டு இருக்கிறதாகவே நினைக்க வேண்டும். துப்பாக்கிக் குழாய், அட்டை இருக்கிற பக்கம்தான் பார்க்க வேண்டும். சுடப்போகிற நொடி வரை விரல் விசைக்கு வெளியே, நேராக நீட்டி.

கையில் வாங்கியதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்தாள். பிடியைத் தளர்த்திவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

மணிக்கட்டு வலி. லீலாவிடம் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை, உதைத்து உதைத்து என்று ஒரு பொய். கிக்கரைக் கையாலா உதைப்பார்கள்? அவள் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

என் ஆள்காட்டி விரல் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது.

பிறந்ததிலிருந்து பட்டு. எது கைக்கு வந்தாலும் இந்த விரல் கட்டைவிரலோடு சேர்ந்து தடவிப் பார்க்கும். ஜரிகையில் பிசிறு இருக்கிறதா, முந்தானையை உடலோடு இணைக்கிற பேட்டு ஒட்டினது சரியா என்று கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட ஓரத்தைத் தடவிவிட்டுத்தான் பிரிப்பேன். இன்று பிஸ்டலிலும் அதே வேலை. நேராக நீட்டி வைக்கிறேன், அடுத்த நிமிஷம் உள்ளே போய் விசையைத் தடவுகிறது.

"சார்! முந்தானையா அது, தடவிகினு இருக்கீங்க? விரல் வெளிய!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு போனதா? பீப் கேட்டதும் எனக்குக் கண் தெரிவதில்லை. முதலில் எது தெரிகிறதோ அதைச் சுடுகிறேன். செல்போன் வைத்த அட்டைப் பெண்மணியை மூன்று முறை சுட்டுச் சாய்த்தேன். சத்யப்ரியா ஓட்டை மேல் டேப் ஒட்டிக்கொண்டே, "இந்தம்மா உங்களுக்கு இன்னா பாவம் பண்ணாங்க?" என்றாள்.

வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒன்று — இதை எழுதலாமா — நன்றாகவும் இருந்தது. மாசிக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்து யாரோ விழுந்தார்கள். அட்டையாக இருந்தால் என்ன.

ஜூலை 2, புதன்

சொந்தமாக ஒரு ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டேன். பீரோவில், என் வேட்டிகளுக்கு அடியில். அடுத்தது நிஜத் துப்பாக்கி. லைசென்ஸுக்கு எழுதிப்போட வேண்டும், முருகேசனுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறாராம்.

லீலாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"போனது புடவ. நீ ஏன் இன்னும் திரும்பி வரல?" என்றாள்.

கோபப்பட்டேன். "உனக்கின்னா தெரியும், கத்தி உன் கழுத்துகிட்டயா வந்துச்சி?" என்று கத்தினேன். அதற்கு அவள், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேய சுடுறேன்னு யார சுடுவியோ" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

தேவிகாபுரத்திலிருந்து மாணிக்கவேல் போன். நான்கு தறி ஓட்டுகிறவர், அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத்தான் கொடுப்பார். "ஆடி போவட்டும். ஆவணி முகூர்த்தப் புடவைக்கு நீங்களே நேர்ல வரணும். முருகேசன்கிட்டலாம் குடுக்க மாட்டேன். இல்லன்னா சொல்லிடுங்க, வேற ஆளு கேட்டுகினே இருக்காங்க."

அவர் போனால் மற்ற தறிகளும் பின்னாலேயே போகும். பிறகு நான் என்ன வியாபாரி?

ஸ்கூட்டி பெட்டியில் பிஸ்டலைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் சேவூர் வரை ஒத்திகை போனேன். பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தது. என் கை பெட்டியைத் தேடியது. திரும்பிப் பார்த்தால் பால்காரர், கேனோடு.

ஆவணிக்குள் சரியாகிவிடுவேனா?

ஜூலை 18, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

சாயங்காலம் லீலா ஸ்கூட்டியில் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் பிஸ்டலை வைத்துக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. மேகம் வேறு மூடிக்கொண்டு, வீடே இருட்டு. கேட் திறக்கிற சத்தம். ஸ்கூட்டி சத்தம் இல்லை. அப்போ லீலா இல்ல. தீபா வர நேரமும் இல்ல, செய்யாறு கம்பெனி பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. யாரு? யாருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல. கையத் தூக்கினேன்.

கதவு திறந்தது. ஒரு ஆள். முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது.

அந்த ஆள் என்னைப் பார்த்தது. அசையாமல் நின்றது. பிறகு இரண்டு கையாலும் பையை முன்னால் நீட்டி, "அண்ணா... வேணாம்ணா... எடுத்துக்குங்கண்ணா" என்றது.

அந்தக் குரல் எனக்குப் புரிவதற்குள் விரல் உள்ளே போயிருந்தது. தடவியது. சுட்டுவிட்டது.

டங்.

தீபா. ஷிஃப்ட்டைச் சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். தூசிக்காகத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் ஸ்கூட்டி இல்லை, வீட்டில் விளக்கு இல்லை, உள்ளே துப்பாக்கியோடு ஒருவன். திருடன் என்று நினைத்திருக்கிறாள்.

சரியாத்தான் நினைச்சிருக்கா.

பைக்குள் இருந்த டிபன் பாக்ஸில் ஒரு பள்ளம். அந்தப் பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். கொஞ்சம் மேலே போயிருந்தால் கண். கடவுளே, கண்ணு.

ஜூலை 19, சனி

சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

தீபா இன்றுதான் பேசினாள். வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "நீ சார்னு சொன்னியாமே அன்னிக்கு. ஊரே சிரிச்சுது, நானும் உள்ளுக்குள்ள சிரிச்சேன்பா. எனக்கு அண்ணான்னுதான் வந்துச்சி."

பஸ் வந்துவிட்டது.

அதே டிபன் பாக்ஸைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

பிஸ்டலை ரைஸ் மில்லுக்கு எடுத்துப்போய் சத்யப்ரியாவிடம் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஊட்ல எதுக்கு சார் குண்டு போட்டு வெச்சிங்க? மொத நாளே சொன்னேனா இல்லியா? யாருன்னு தெரியாம கையத் தூக்குவீங்களா?" அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"இனிமே வர மாட்டேம்மா" என்றேன்.

"வராம ஊட்ல உக்காந்தா அந்த விரல் அப்படியேதானே இருக்கும்?"

பிஸ்டல் இனி அங்கேயே, அவள் அலமாரியில், அவள் சாவியில். மூன்று வாரத்துக்குச் சுடவே கூடாதாம். காலியான பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டை மனிதர்களின் கையை மட்டும் பார்த்து, என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கத்தி. போன். குழந்தை. சும்மா.

லைசென்ஸ் வேண்டாம் என்று வக்கீலுக்குச் சொல்லச் சொல்லி முருகேசனுக்குப் போன் பண்ணிவிட்டேன். லீலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி கத்திரிக்காய் காரக்குழம்பு, அப்பளம் வேறு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டார்ச் பிடித்தாலும் விரல் நேராக. காய்கறிப் பை, டிவி ரிமோட், எல்லாவற்றிலும். புடவைக்கு மட்டும் அதற்கு விடுமுறை. அப்போது தடவிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போட்டி. வேலூர், செய்யாறு பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான்தான் கிழம். தீபா தானாகவே கூட வந்தாள். அதுவே எனக்குப் பயம். அவள் முன்னால் அதை மறுபடி கையில் எடுக்க வேண்டும்.

கடைசிச் சுற்று இருட்டறை. ஒரு கையில் டார்ச். பீப் கேட்டது. காது அடைத்தது, வழக்கம்போல. டார்ச்சை அடித்தால் எதிரே முகத்தில் துணி சுற்றிய ஓர் அட்டை. யாரோ பழைய துப்பட்டாவைக் கட்டியிருக்கிறார்கள். அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் ஒரு பையன், "பெருசு தூங்கிட்டாரு" என்றான்.

முகத்தை விட்டேன். கையைப் பார்த்தேன். பை. வெறும் பை.

"பை!" என்று கத்தினேன். இருட்டறை முழுக்கக் கேட்டது. அடுத்தது கத்தி, சுட்டேன். அடுத்தது குழந்தை, விட்டேன். ஒவ்வொன்றையும் கத்திக் கத்தித்தான் முடித்தேன். எல்லோரையும்விட நேரம் அதிகம். கடைசி இடம்.

சத்யப்ரியா தாளைப் பார்த்துக்கொண்டே, "பொதுஜனம் மேல ஒண்ணு கூட படல சார்" என்றாள். முதல் பரிசு வாங்கிய பையன் இரண்டு பேரைக் கொன்றிருந்தான். ஆனாலும் வேகம், ஜெயித்துவிட்டான்.

வரும் வழியில் தீபா என் பின்னால் உட்கார்ந்து, "அந்த சத்தத்த அன்னிக்குப் போட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். பிறகு சிரித்தாள். நான் முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தேவிகாபுரம் போனேன். தனியாக.

போகும்போது பரவாயில்லை. மாணிக்கவேல் வீட்டில் காபி குடித்து, புடவைகளைத் தடவிப் பார்த்து, பேசி முடிக்க நேரமாகிவிட்டது. அதே ரோடு, அதே பொழுது சாய்கிற நேரம், காலடியில் அதே மாதிரி பை. உள்ளங்கை வேர்த்து ஹாண்டில் வழுக்கியது. மாசியில் நான் வண்டியை நிறுத்தின புளியமரம் தாண்டினதும் பின்னால் ஒரு பைக்.

வேகமாகப் போனேன். அதுவும் வேகமாக வந்தது. மெதுவாகப் போனேன். அதுவும் மெதுவானது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டி ஏதோ கத்துகிறான், காற்றில் கேட்கவில்லை. பக்கத்தில் வந்துவிட்டார்கள். எனக்கு மூத்திரமே வந்துவிடும் போலிருந்தது. பயம் போய்விட்டது என்று எவன் சொன்னான்?

கையைப் பார்த்தேன். அவன் கையை. ஒன்றும் இல்லை. ஒரு விரல் கீழே காட்டியது.

"இன்னாப்பா?" என்று கத்தினேன்.

"ஸ்டாண்டு! ஸ்டாண்ட எடுக்கலண்ணா! சைடு ஸ்டாண்டு!"

குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டு போட்டபடியே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். காலால் தட்டிவிட்டேன். பிரேக் மேல் இருந்த என் விரல் நேராக நீட்டிக்கொண்டு இருந்தது.

அவர்கள் அதற்குள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்!"