கொய்யா நுழையாத வீடு

மார்ச் 3, திங்கள்
இவருக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகிறது. மூக்குக்கு வாசமும் நாக்குக்கு ருசியும் இன்னும் திரும்பவில்லை. இன்றும் இரண்டு வாய் சோறு, அதற்குள் தட்டை நகர்த்திவிட்டார். "மரத்தூளைத் தின்ன மாதிரி இருக்கு" என்கிறார். லேத்துப் பட்டறையில் இரும்புத் தண்டை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டியவர், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

மார்ச் 7, வெள்ளி
எடை இன்னும் இறங்கியிருக்கிறது. "இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போட வேண்டியிருக்கும்மா" என்றார் டாக்டர். பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
அவருக்குக் கொய்யா என்றால் உயிர். எனக்கோ, மகள் வயிற்றில் இருந்தபோது அந்த வாடைக்குக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. அதிலிருந்து இந்த வீட்டுக்குள் கொய்யா நுழைந்ததில்லை. இன்று நானே போய் வாங்கினேன். எனக்கென்ன பொறுக்கத் தெரியுமா? மோந்து பார்த்து, வாடையே இல்லாததாக எடுத்தேன். பச்சைப்பசேலென்று, கல் மாதிரி. ஒரு துண்டு கடித்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். துப்பிவிட்டார்.

மார்ச் 10, திங்கள்
கஞ்சியும் வேண்டாமாம்.

மார்ச் 14, வெள்ளி
நாத்தனார் வந்தாள். கூடையில் கிடந்த காயைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணி, கொய்யாவுல வாசத்தைக் கழிச்சிட்டா மிச்சம் என்ன, கொட்டையா? அண்ணன் பட்டறையில நல்லா கனிஞ்சதா தின்னுட்டு, உங்களுக்குப் பயந்து சோப்பு போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளிச்சிட்டுத்தானே வீட்டுக்கே வருவாரு!"
எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் — அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே! ஆத்திரமா வருது. யார்மேலன்னுதான் தெரியல.

மார்ச் 15, சனி
மஞ்சளாய்க் கனிந்தது ஒரு பை. கட்டில் பக்கத்திலேயே வைத்தேன். வீடு முழுக்க வாடை. நான் மூக்கில் கைக்குட்டையோடு திரிகிறேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மார்ச் 19, புதன்
பாதி அழுகிவிட்டது. கொட்டிவிட்டு வேறு வாங்கி வைத்தேன். அப்படி இதில் என்னதான் இருக்கிறது? ஒன்றைப் பிட்டேன். உள்ளே வெளிர்சிவப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய். கொட்டை பல்லில் மாட்டியது. அப்புறம் மெதுவாக ஒரு தித்திப்பு. துப்பப் போனவள் துப்பவில்லை. இன்னொரு வாய் தின்றேன்.

மார்ச் 23, ஞாயிறு
துணி மடித்துக்கொண்டிருந்தேன். படுத்திருந்தவர் தலையைத் தூக்கி, மூக்கை உறிஞ்சினார்.
"வீட்டுக்குள்ளயா கொய்யா வச்சிருக்கே? உனக்கு ஒத்துக்காதே... எடுத்து வெளியில வையேன்."
மடித்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அழுதேனா, சிரித்தேனா?
வெளியில் வைக்கவில்லை. ஒரு பழத்தைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுத்தேன். மறுபாதியை அவர் எதிரிலேயே கடித்தேன்.
"அடிப்பாவி, நீயா தின்னுறே?" என்றவர், தன் பங்கை முடித்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.