தேவ இறக்கம்

அக்கா,

இந்த ஆண்டு மழை சொல்லாமல் வந்துவிட்டது. பால்கனியில் இருக்கும் வாஷிங் மெஷின் மேல் சாரல் அடிப்பதைப் பார்த்துவிட்டு, பரணில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்ததும் பிளாஸ்டிக்கும் பழைய மையும் கலந்த அந்த வாடை. விரித்தால் ஊதா நிறம், ஓரத்தில் ஒரு சிலுவை, நடுவில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் எழுத்து: தேவ இறக்கம்.

நீங்கள் போன பிறகு வரும் முதல் மழை இது. எங்கள் ஔந்துப் பகுதியில் எல்லா வீட்டு பால்கனியிலும் இந்த மாதம் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கும். பிறந்தநாள் வாழ்த்து, கட்சிக்காரர் முகம், கணபதி மண்டல் விழா அறிவிப்பு. என் வீட்டில் மட்டும் ஒரு தமிழ்ப் பிழை.

அதை அச்சடித்தவர் நீங்கள். உபவாசக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று சபையில் சொன்னதும், "நான் பாத்துக்கிடுதேன்" என்று கையைத் தூக்கி, போனிலேயே எழுத்தைத் தட்டி, கேம்ப் பகுதியில் இருந்த மராத்திக்காரர் அச்சுக்கடைக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்கள் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து கன்டோன்மென்ட் பக்கம் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது நெல்லைத் தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மராத்தி. பாட்டுகளையெல்லாம் தேவநாகரியில் எழுதி வைத்துப் பாடிப் பழகியவர் நீங்கள். அந்த எழுத்தில் உங்களுக்குத் தெரிந்த ரகரம் ஒன்றுதான். தமிழில் எதற்கு இரண்டு என்பது உங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த ஃப்ளெக்ஸை ஞானமுத்து சார் கேட்டில் கட்டவிடவில்லை. சபையின் செயலர் அவர், பாளையங்கோட்டையில் படித்தவர், தமிழில் ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காதவர். ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போதே விரித்துப் பிடித்து, "இது என்ன, ஆண்டவர் மாடியில இருந்து இறங்கி வாராரா? தமிழ் தெரியாத பிள்ளையளுக்கு இந்த வேலை எதுக்கு?" என்று கேட்டாராம். நீங்கள் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்த என்னிடம் வந்தீர்கள்.

"ஏட்டி, இது உனக்கு. மழைக்கு ஆவும்."

நான் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். "அக்கா, இரக்கம்னா சின்ன ர. இது சரிவு. கடவுள் கால் வழுக்கின மாதிரி இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான பிள்ள. மேல உக்காந்துக்கிட்டு யாரால இரக்கப்பட முடியும்? இறங்கித்தான ஆவணும்."

"தப்பை மறைக்கத் தத்துவமா?"

"பின்ன? தப்பே பண்ணாதவிய எதுக்குத் தத்துவம் பேசணும்? சலோ, பசிக்கி."

ஞானமுத்து சாரோடு நான் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த எழுத்துதான். மற்றபடி அவரை நான் வெறுத்தேன். இதை உங்களிடம் மறைத்ததில்லை. இப்போதும் மறைக்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்; எழுதிப் பார்த்தால் சிறியதாகத் தெரியுமா என்று பார்க்கத்தான். எனக்குப் பிம்ப்ரியில் மருந்து கம்பெனி ஆய்வகத்தில் வேலை கிடைத்த பிறகு, அப்பாவும் அம்மாவும் மதுரையை விட்டு இங்கே வந்தார்கள். அம்மா வந்த மாதமே உங்கள் சபையில் சேர்ந்தார். உங்களை வீட்டுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அப்பா சேரவில்லை. கடவுள் விஷயத்தில் அவரும் நானும் ஒரு கட்சி. அம்மா இறந்தபோது சபைக் கல்லறைத் தோட்டத்தில், சுவரோரம் வேப்பமரத்தடியில் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு அப்பா மாதம் ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஜெபம் செய்ததில்லை. செய்தித்தாள் படிப்பார். "எனக்கும் இங்கயே பக்கத்துல" என்று ஒருநாள் சொன்னார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் இறந்த அன்று காலை நீங்களும் நானும் சபை அலுவலகத்தில் நின்றோம். ஞானமுத்து சார் எழுந்திருக்கக்கூட இல்லை. "சபையில பேர் இல்ல. உயிரோட இருக்கையில வாசலை மிதிக்காதவருக்கு, இப்பம் எடம் கேக்கியளா?"

"ஐயா, வாசலக் கேக்கலியே. மண்ணைத்தான கேக்கோம்" என்றீர்கள்.

"சபை விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

நீங்கள் குரலை உயர்த்தினீர்கள். மேசையில் தட்டினீர்கள். மராத்திக்கு மாறி, நான் அதுவரை உங்கள் வாயிலிருந்து கேட்டிராத ஒரு சொல்லையும் சொன்னீர்கள். போதகர் ஊரில் இல்லை. அப்பாவை ஏரவாடாவுக்கும் அப்பால் ஒரு பொதுக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். வண்டியில் என்னோடு வந்தது நீங்கள் மட்டும்தான். இன்றும் அம்மா ஒரு கோடி, அப்பா ஒரு கோடி. நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. இதை யாராலும் இனித் திருத்த முடியாது. இல்லை, எழுதிப் பார்த்தும் சிறியதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்த கேட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் உங்களை அழைத்துப்போக வந்தேன். ஆராதனை முடிந்ததும் நமக்கு மிசல், அந்தக் காரப் பயறுக் குழம்பும் பாவ் ரொட்டியும், சாப்பிடப் போக வேண்டும். அது நம்முடைய ஆராதனை. காரிலிருந்து பார்த்தால் சபைக் கோவில் வாசலும், வாசலிலிருந்து கேட் வரை இறங்கும் சிமென்டுச் சரிவும் நேராகத் தெரியும். அங்கே வண்டி ஏறாது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. ஒரு பக்கம் எப்போதும் ஈரம், பாசி.

ஞானமுத்து சாருக்கு வாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, அந்தச் சரிவில் ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்த்தது உங்கள் இரண்டு பேரையும்தான். ஏறும்போது அவர் கைத்தடியை ஊன்றித் தானே ஏறிவிடுவார். வீம்புக்காரர். இறங்கும்போதுதான் கால் நிற்காது. வாசலில் வந்து நின்று, யாரையும் கூப்பிடாமல், மேகத்தைப் பார்ப்பதுபோல் நிற்பார். செயலராக இருந்தபோது அவரைச் சுற்றி நின்ற கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிப்போகும். மனைவி முன்பே இறந்துவிட்டார், மகன் துபாயில். நீங்கள் போய் அவருடைய இடது முழங்கையைப் பிடிப்பீர்கள்.

முதல் தடவை பார்த்தபோது மிசல் கடையில் உங்களிடம் சண்டை போட்டேன்.

"அன்னைக்கு மேசையைத் தட்டினது நீங்கதானக்கா?"

"நாந்தான்."

"மன்னிப்பு கேட்டாரா உங்ககிட்ட? என்கிட்ட?"

"கேக்க மாட்டாரு. அது தப்புன்னே அவருக்குத் தெரியல."

"அப்புறம் எதுக்கு?"

எலுமிச்சையைப் பிழிந்து விதையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கு அந்த மனுசரப் புடிக்காது ஏட்டி. ஆண்டவருக்குப் புடிச்சிருக்கே, நான் என்ன செய்ய?"

உங்கள் ஆண்டவரோடு எனக்கு இருக்கும் தகராறே அதுதான் என்றேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேட்ச் மருந்து தேறவில்லையென்றால் தேறவில்லைதான். அதைத் தயாரித்தவன் நல்லவன், பாவம், தனியாள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பார்த்தால் யாரோ ஒரு நோயாளி சாவார். தவறு செய்தவனையும் தவறுக்கு ஆளானவனையும் ஒரே கண்ணால் பார்ப்பது இரக்கம் இல்லை, அலட்சியம் என்றேன். நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"அப்பம் ஆண்டவர் ஒங்க கம்பெனில வேலைக்கு ஆவ மாட்டாரு" என்றீர்கள். "பாவ் ஆறுது, தின்னு."

பிறகு கை கழுவி வந்து, கார்ச் சாவி என் கையில் இருக்கும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். "வேதத்துல ரெண்டு மகன் கதைல, கெட்டுத் திரும்புன தம்பிக்கு அப்பன் விருந்து வச்சதுக்கு வீட்டுக்குள்ள வராம வெளிய நிக்கான் பாரு, மூத்தவன். நீ அவன் கட்சி. அதுல தப்பில்ல. அவன் சொன்னதுல ஒரு பொய் கெடையாது. ஆனா அவனத் தேடியும் அப்பன் வெளிய வந்தாரு. அதையும் பாத்துக்க."

நான் காரைக் கிளப்பினேன். நீங்கள் அதை மறுபடி எடுக்கவில்லை. உங்களிடம் எனக்குப் பிடித்தது அது. பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்களுக்கு நடுவில் வளர்ந்தும், உங்களுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது.

உங்களுக்குக் கல்லீரல் நோய் என்று தெரிந்த பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பாதி மராத்தியிலும் பாதி தமிழிலும் பேசினீர்கள். பூந்தொட்டிக்குத் தண்ணீர், பூனைக்குச் சோறு, பக்கத்து வீட்டுக்காரியிடம் இருக்கும் குக்கர். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அவர யாரு இறக்குவா?" என்றீர்கள்.

"அதுக்குச் சபை இருக்கு. வேற ஆளைப் பாருங்க."

"உன்ட்ட கேக்கல. சொல்லுதேன், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடப்பவர் சொல்லும்போது அது எப்படிக் கேட்பது ஆகாமல் போகும்?

உங்கள் அடக்கத்துக்காக அந்த கேட்டைத் தாண்டினேன். கடைசி வரிசையில் நின்றேன். உங்களை அம்மாவுக்கு இரண்டு வரிசை தள்ளி வைத்தார்கள். கல்லறைக்கு ஞானமுத்து சார் வரவில்லை. வர முடியவில்லை என்றார்கள். நானும் விசாரிக்கவில்லை.

அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்ததும் தனியாக மிசல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அவரை ஒரு வாரம் யாரோ ஒருவர் இறக்கினார், ஒரு வாரம் வேறொருவர். சில வாரம் அவர் வரவே இல்லை. யாராவது இருப்பார்கள் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத்தான் அங்கே போனேன் என்று இப்போது தோன்றுகிறது. பெரும்பாலும் நிரூபணம் கிடைத்தது.

போன ஞாயிறு மழை. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் தலையில் பையை வைத்துக்கொண்டு குதித்து இறங்கினார்கள். அவர் வாசலில் நின்றார். ஒரு கையில் தடி, மறு கை இழுத்துக்கொண்ட கை. குடை பிடிக்கக் கை இல்லை. வழக்கம்போல் மேகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை பார்ப்பதற்கு உண்மையிலேயே மேகம் இருந்தது. கோவில் பணியாளர் உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். வைப்பர் போய்ப் போய் வந்தது. யாரும் திரும்பி வரவில்லை. அவர் தடியைச் சரிவில் இறக்கி ஊன்றிப் பார்த்தார். தடி வழுக்கியது.

நான் கார்க் கதவைத் திறந்தேன். எனக்குள் ஒன்றும் இளகவில்லை அக்கா. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன். சரிவில் ஏறும்போது அப்பா செய்தித்தாளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் நின்றது. அப்படியே போய் அவருடைய இடது முழங்கையைப் பிடித்தேன்.

"யாரு?" கண்ணாடியில் தண்ணீர்.

"பாத்து வாங்க. பாசி."

இரண்டு அடி வைத்த பிறகு நின்றார். "நீ ஆசீர்வாதம் மக தான?"

"ஆமா."

அவருடைய கை கனத்தது. நடக்க மறந்துவிட்டதைப்போல நின்றார். "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கீழ பாத்து வாங்க சார்" என்றேன்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பாக இருக்கலாம், சபை விதியாகவும் இருக்கலாம். இரண்டையும் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவரும் விட்டுவிட்டார். மீதி வழியெல்லாம் நாங்கள் இருவரும் காலையே பார்த்துக்கொண்டு இறங்கினோம். கேட்டுக்கு வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது, "அந்தப் பிள்ள இன்னும் கொஞ்சம் மேல புடிக்கும். முழங்கைக்கு மேல" என்றார். புகாராகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

மிசல் கடைக்குப் போகவில்லை. நனைந்திருந்தேன்.

உங்கள் ஆண்டவருக்கு அவரைப் பிடித்திருக்கலாம். என்னையும் பிடித்திருக்கலாம். அது அவர் பாடு. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. நேராகும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அம்மாவும் அப்பாவும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறார்கள். இரக்கம் என்று நீங்கள் சொன்னது என்னிடம் வரவில்லை. நீங்கள் எழுதியதுதான் வந்திருக்கிறது.

ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டேன். எழுத்து உள்பக்கம் தெரியும்படி. துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. வரும் ஞாயிறும் மழை என்கிறார்கள். அந்த ஈரமான பக்கத்தில் பாசி இன்னும் ஏறியிருக்கும். அடி வழுக்காத செருப்பு ஒன்று வாங்க வேண்டும்.