முதல் புள்ளி தடிக்கவில்லை

ஸ்ரீரங்கம்
வியாழக்கிழமை

அன்புள்ள இளவேனிலுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போன் என்றால் நீ நடுவில் "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பத்துப் பன்னிரண்டு நாளாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன், அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடுகிறது.

மன்னார்புரம் கிளினிக்கில் நான் அலர்ஜி டெஸ்ட் எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும், எப்படி என்று நீ கேட்டதில்லை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு துளி மருந்து வைத்து, அதன் மேல் ஊசி முனையால் லேசாக ஒரு குத்து. பதினைந்து நிமிடம் கழித்து, கொசு கடித்தது போல் எது தடித்திருக்கிறதோ அதைச் சுற்றி வரைந்து, செல்லோ டேப்பில் ஒற்றி எடுத்து, காகிதத்தில் ஒட்டி அளப்பேன். சுற்றியிருக்கும் சிவப்பை அளக்கக்கூடாது, தடிப்பை மட்டும்தான். மூன்று மில்லிமீட்டர் வந்தாலே கவனிக்க வேண்டும். இதில் முதல் துளி மட்டும் யாருக்கு வைத்தாலும் தடிக்க வேண்டிய மருந்து. அது தடிக்கவில்லை என்றால் மற்றது தடிக்காததற்கு அர்த்தமே இல்லை. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை லூர்து என்று ஒருவர் வந்தார், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், திருவானைக்காவலில் வீடு. இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணத்தில் இறால் சாப்பிட்டு, உதடு வீங்கி மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவர் கையில் எதுவுமே தடிக்கவில்லை, முதல் புள்ளியும் தடிக்கவில்லை. நான் பார்த்தேன் இளவேனில். பார்த்து, அந்தக் கட்டத்தில் சைபர் என்று என் கையாலேயே எழுதினேன். வெளியே ஒரே கூட்டம். டாக்டர் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க, பயப்படாம சாப்பிடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரியாததா என்று நான் வாயை மூடிக்கொண்டேன். லூர்து போகும்போது, "நாளைக்கே எறா வாங்கிடுறேன் சிஸ்டர், ரெண்டு மாசமா வீட்டுல யாரையும் வாங்க விடல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து, அவர் இறால் வாங்கியிருப்பாரே என்பதே நினைப்பு. டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. லூர்துக்குச் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். சர்ச்சுக்குப் போயிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன், ஃபாரத்தில் பார்த்த தெருப் பெயர் ஞாபகமிருந்ததால் விசாரித்துப் போய்விட்டேன். தெருவிலேயே இறால் தொக்கு மணத்தது. லூர்து வெளியே வந்து, "வாங்க சிஸ்டர், சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்றார். நான், "வாயில வச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். இன்னும் தட்டே வைக்கவில்லை என்று அவர் மனைவி கேத்தரின் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டெஸ்டுக்கு முன்னால் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டேன். "அன்னிக்கு நீங்க அலர்ஜி மாத்திரை போட்டீங்களான்னுதானே கேட்டீங்க, அதான் இல்லன்னேன். சளிக்குத் தினம் ஒண்ணு போடுவேங்க" என்றார். கேத்தரின் ஃப்ரிட்ஜ் மேலிருந்து அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள், தடிப்பை அமுக்கிவிடும் அதே மாத்திரை. நான் கேட்ட கேள்வியே தப்பு. தொக்கைச் சட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நீயும் மூக்கு அரிப்புக்காக அங்கே இந்த டெஸ்ட் எடுக்கப் போவதாகச் சொன்னாயே, அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போடுகிற எல்லா மாத்திரையின் பெயரையும் சொல்லு. எதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள், நீயாக எதையும் நிறுத்தாதே.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். "பேஷண்ட் வீட்டுக்குப் போகச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?" என்று சத்தம் போட்டார். வேலை போய்விடுமோ என்று பயம்தான், ஆனாலும் டேப் ஒட்டிய காகிதத்தை அவர் முன்னால் வைத்து முதல் கட்டத்தைக் காட்டினேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே, மலர்க்கொடி" என்றார். மாத்திரையை நிறுத்தவைத்து நேற்று லூர்துக்கு மறுபடி டெஸ்ட் எடுத்தோம். முதல் புள்ளி ஆறு மில்லிமீட்டர் வந்தது. இறால் நீளவாக்கில் பதினொன்று, குறுக்கே ஒன்பது. இனி இறாலைத் தொடவே கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லி, அவசரத்துக்குப் போட ஊசியும் எழுதிக் கொடுத்தார். கேத்தரின் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு என் கையைப் பிடித்தாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா, வரவில்லை. டாக்டரிடம் கேட்டு, இரண்டு வருடத்துப் பழைய காகிதங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் சைபர் போட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றிலும் என் கையெழுத்து. இரண்டு பேர் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, சமயபுரத்தில் தேங்காய் பழக்கடை வைத்திருக்கும் வள்ளிக்கண்ணு, நிலக்கடலை உடம்புக்கு ஆகவில்லை என்று வந்தவள். அவள் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். சமயபுரத்தில் தேங்காய் பழக்கடை எத்தனை என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு கடையாகக் கேட்கப் போகிறோம்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நூறு வயது இருக்க வேண்டும். மாரியம்மன் உங்களுக்கும் துணை இருக்கட்டும், அந்த வள்ளிக்கண்ணுவுக்கும் துணை இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கமாகக் கூப்பிடும் நேரத்தில் நான் போனை எடுக்காவிட்டால் பதறாதே, இன்னும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா
மலர்க்கொடி ரெங்கராஜ்