ரூட்டர் சரி என்றது

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். செய்திக்காக எண்ணூர். நேற்று காலை பக்கத்து ஆலையிலிருந்து வாயு கசிந்து வந்த குப்பத்தில் இன்று கருவாட்டு வாடை மட்டும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் இருவரும் தேறி வருகிறார்கள். நேரில் பார்த்தேன்.

கேள்வி ஒன்றுதான். அலற வேண்டிய ஹாரன் ஏன் அலறவில்லை?

ஹாரன் கோயில் கம்பத்தில். அந்த ஆலை பொருத்தியது. ஆலையின் கண்காணிப்பு அறையில் பொத்தானை அழுத்தினால் இணையம் வழியாகக் கம்பத்துப் பெட்டியிலுள்ள ரூட்டருக்கு வரும், அங்கிருந்து ஹாரனுக்கு. ரூட்டர் வேலை செய்கிறதா என்று ஓயாமல் பார்ப்பது ஒரு ஏஐ ஏஜென்ட். ரூட்டரிடம் நிலையைக் கேட்க அதற்குச் சில கருவிகள் தந்திருக்கிறார்கள். கிடைத்த பதிலைத் திரையில் எழுதும். நேற்று முழுக்க 'ரூட்டர் சரியாக இயங்குகிறது' என்றே எழுதியிருக்கிறது.

ஆகவே ஆலையின் முடிவு: அறையில் இருந்த ஸ்டெல்லா பொத்தானை அழுத்தவே இல்லை, தூங்கிவிட்டார். ஒப்பந்த வேலை. வியாழனன்று விசாரணை. அநேகமாக அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாங்க: குடை, ரீஃபில், சர்க்கரை மாத்திரை.

நவம்பர் 12, புதன்

ராயபுரம், ஸ்டெல்லா வீடு. கணவருக்குத் துறைமுகத்தில் தினக்கூலி. ஸ்டெல்லாவின் அம்மா யாரையும் பேச விடவில்லை.

"தூங்கிட்டாளாமே! சர்ச் பூசைல சாமியாரு அவ்ளோ நேரம் பிரசங்கம் பண்ணாரு, ஊரே தூங்குச்சு, இவ தூங்கல சார்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "அழுத்தினேன் சார். அப்புறம் ஏஜென்ட்டையும் கேட்டேன். ரூட்டர் நல்லாருக்குன்னு சொல்லுச்சு. அப்போ ஹாரன் அடிச்சிருக்கும்னு நம்பிட்டேன்."

"குப்பத்துக்கு போன்?"

"பண்ணியிருக்கணும்."

பொத்தான் அழுத்தியதற்குத் தனிப் பதிவு கிடையாதாம். விசாரித்தேன். உண்மை.

மாலை மறுபடி குப்பம். கோயில் சாவி மீனவர் தேசப்பனிடம். கசிவு நடந்த அன்று அவருடைய அண்ணன் பிணம் வீட்டில் கிடந்தது. பிணம் எடுக்கும்வரை கோயில் நடையைச் சாத்தி மைக் செட்டை அணைப்பது ஊர் வழக்கம். மைக் செட்டும் ஹாரனும் ஒரே சுவிட்சில். ரூட்டருக்கு மட்டும் தனி பேட்டரி.

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். "அப்போ நான்தான் நைனா அன்னிக்கி ஆஃப் பண்ணிகீறேன்."

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர்: "யோவ், வாய மூடு. நம்ம தப்புன்னு சொல்லி ஆஸ்பத்திரி செலவக்கூட குடுக்க மாட்டானுங்க."

"அதுக்கு? அந்தப் பொண்ணு வூட்ல ஒல கொதிக்க வாணாமா?"

மழை வலுத்தது. குடை வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

விசாரணை. பத்திரிகைக்காரன் என்று சொல்லியே உள்ளே போனேன். பேசக் கூடாது என்றார்கள். ஏசி குளிர், தேசப்பன் ஈரச் சட்டையோடு.

அவர் சொன்னதை ஆலை அதிகாரி நம்பவில்லை. "பதிவுல எல்லாம் சரின்னு இருக்கு. இவங்கள காப்பாத்த வந்து சொல்றீங்க."

"அந்த மிசினு கோயிலுக்குள்ள வந்து பாத்துச்சா? இன்னா சார், அத்தயே கேளு."

அதிகாரி சலித்துக்கொண்டு தலையாட்டினார். ஸ்டெல்லா தட்டச்சு செய்தார்: அன்று காலை ஹாரன் இணைப்பில் இருந்ததா?

திரையில் வந்த பதில், வரிக்கு வரி: 'எனக்குத் தெரியாது. ரூட்டர் இயங்குகிறதா, அதற்கு இணையம் கிடைக்கிறதா என்பதை மட்டுமே கேட்க முடியும். ரூட்டரோடு எவை இணைந்துள்ளன என்று பார்க்கும் கருவி எனக்கு அனுமதிக்கப்படவில்லை.'

அதிகாரி இரண்டு முறை படித்தார். அனுமதி கொடுக்கச் சொன்னார். கொடுத்ததும் ஏஜென்ட் ரூட்டரின் நினைவில் இருந்ததை எடுத்து எழுதியது: ஹாரன் அன்று விடியற்காலை இணைப்பிலிருந்து போயிருக்கிறது. திரும்பியது மதியத்துக்கு மேல், பிணம் எடுத்த பிறகு. நடுவில் யார் அழுத்தியிருந்தாலும் அடித்திருக்காது.

ஸ்டெல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி எழுதியபடியே வாசித்தார்: "குப்பத்தைச் சேர்ந்த தேசப்பன் ஹாரனை அணைத்ததால்..."

"சார்," ஸ்டெல்லா. "அதுக்குக் கீழயே இன்னொண்ணும் எழுதுங்க. அணைஞ்சிருந்தா எங்களுக்குத் தெரியற மாதிரி யாரும் வைக்கலன்னு."

"அது இப்ப தேவையாம்மா?"

தேசப்பன்: "எம் பேரு தேவைன்னா அதுவும் தேவை."

எழுதினார்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ஸ்டெல்லா வேலைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி செலவு பற்றி ஆலை வாய் திறக்கவில்லை. மாலை மறுபடி கேட்க வேண்டும். செய்தி அனுப்பியாயிற்று. மதியம் பத்திரிகை டெஸ்க்கிலிருந்து அழைப்பு: "இடமில்லை சார். தேசப்பன் அணைச்சாருங்கறதோட நிறுத்திக்கவா? கீழ இருக்கற வரி டெக்னிக்கலா இருக்கு."

அந்த வரி போனால் முழுச் செய்தியும் வேண்டாம் என்றேன்.

"சரி, படத்தைச் சின்னதாக்கறேன்" என்றார்.