தாளம் தவறிய இடம்

1989 பிப்ரவரி, ஞாயிறு இரவு

இன்று இராஜபாளையத்தில், மறைந்த சாகித்யகர்த்தா அய்யாவின் நினைவுக்காக அவர் கீர்த்தனைகளையே பாடினேன். சரணத்தில் தாளத்தை விட்டது நான்தான். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். நான் சட்டென்று திரும்பி, மிருதங்கம் வாசித்த முருகேசனை முறைத்தேன். சபை முழுதும் அவரையே பார்த்தது.

பேண்டேஜ் மில்லில் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தவர். கச்சேரி முடிந்ததும் மிருதங்கத்துக்கு உறை போட்டபடி, "எந்த இடத்துல தப்புனேன்க்கா? சொன்னீகன்னா பழகிக்கிடுதேன்" என்றார்.

யோசிப்பவள்போல் நின்று, அவர் அருமையாக வாசித்த ஓர் இடத்தைச் சொன்னேன். அங்கேயே தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

இந்நேரம் வீட்டில் அந்த இடத்தைத்தான் திருத்திக்கொண்டிருப்பார்.