சரளைக்கல்லில் முட்டி

அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து இன்று என்னைக் கூப்பிட்டார்கள். நடவு வயலில் நிற்கும் அம்மாக்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுச் சேற்றுக்காலோடு வந்த மூன்று பிள்ளைகளை, தலைமையாசிரியை சரளைக்கல்லில் முட்டி போட வைத்திருக்கிறார். ஏழாவது படிக்கும் என் மகள் ஷமீரா தானாகப் போய் அவர்கள் பக்கத்தில் முட்டி போட்டுவிட்டாள்.

"எந்திரி, உன்னைச் சொல்லலை" என்றாராம்.

"அவங்க எந்திரிச்சதும் எந்திரிக்கிறேன் மிஸ்."

டிசி கொடுத்துவிடுவேன் என்று என்னை மிரட்டினார். மகள் செய்தது தப்பு என்று கடிதம் எழுதி வைத்திருந்தார். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஷமீரா கேட்டாள். "அத்தா இங்க இருந்திருந்தா கையெழுத்து போட்டிருப்பாங்களாம்மா?"

போட்டிருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் துபாய் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

ராத்திரி வீடியோ காலில் வந்தவரிடம் முட்டியைக் காட்டினாள். "விழுந்துட்டா" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அங்கிருந்தே திரையில் விரல் வைத்து அந்தக் காயத்தைத் தடவினார்.

காலையில் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும் மச்சான்.